பதினான்கு தட்டல்

முதலாவது, எழுபத்தொன்பதாம் வருடம் பங்குனியில், பெரிய பிரஸ்ஸின் வாசல் பலகையில் ஒட்டிய, சங்கத்தில் சேர்ந்த இருபத்திரண்டு பேர் பட்டியலை வாட்ச்மேன் மை வழிக்கிற தகட்டால் சுரண்டி எடுத்தான். இரண்டாவது, எண்பத்து மூன்றில், அறுபத்தொரு பேர் வட்டமாகக் கையெழுத்துப் போட்ட மனுவை, "படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்ட மேனேஜர், பைண்டிங் அறையில் பசை காய்ச்சும் அடுப்பில் போட்டார். அந்த வாரமே தவசிலிங்கத்துக்கு வேலை போனது. மூன்றாவது, தொண்ணூற்றொன்றில், சங்கத் தேர்தல் ஓட்டுப்பெட்டி எண்ணும் இடத்துக்குப் போகிற வழியில் கண்மாயில் விழுந்து மூழ்கிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வருடம் அந்தக் கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நான்காவது, இரண்டாயிரத்து நான்கில், நிர்வாகம் சரிபார்க்க வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்த உறுப்பினர் பேரேட்டைக் கரையான் அரித்துவிட்டது. பெயர் இருந்த பக்கங்களை மட்டும் தின்று, விதிமுறை இருந்த பக்கங்களை அப்படியே விட்டுவைத்த, எழுத்து வாசிக்கத் தெரிந்த கரையான். ஐந்தாவது, இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், சங்கத்தின் வலைத்தளத்தில் இருந்த நூற்றெண்பது பெயர்களும் ஒரே நாளில் துடைக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு கைக்கடிகார விளம்பரம் வந்து உட்கார்ந்திருந்தது. இந்த ஐந்தையும் சங்கத் தலைவர் தவசிலிங்கம் ஒருநாளும் வரிசை மாற்றிச் சொன்னதில்லை. மாற்றிச் சொன்னால் கோபம் குறைந்துவிடும். நடந்தது நடந்த வரிசையில் நிற்க வேண்டும். அப்போதுதான் அது குற்றப்பத்திரிகை, இல்லாவிட்டால் வெறும் புலம்பல். இன்று மத்தியானம் சங்க அலுவலகத்தின் மாடிப்படியில் வலது முழங்காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து ஏறும்போதும் அவர் அந்த ஐந்தையும்தான் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் இன்றைக்கு அவை வாயில் கசக்கவில்லை. சாத்தூர் சேவு மாதிரி காரமும் சுகமுமாக நாக்கில் நொறுங்கின. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரும் என்று யார் கண்டது.

மாடியில் சங்கம், கீழே சோலையப்பனின் பரோட்டாக் கடை. சாயங்காலக் கொத்துக்கு இப்போதே கல்லில் தகடு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், தகத்தக தகத்தக, அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் காலில் அதிர்ந்தது. பழைய ட்ரெடில் அச்சு மெஷின் போலவே அதிர்கிறது என்று நினைத்தார். அவர் மிதித்த மெஷின். ஐந்தாம் வகுப்போடு வந்து சேர்ந்து, தாள் கொடுத்து, தாள் எடுத்து, என்ன அச்சாகிறது என்று தெரியாமலே ஒரு வருடம் மிதித்தவர். முழுதாக வாசித்து முடித்த முதல் எழுத்து, கடலை மடித்து வந்த ஓர் எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரம். எட்டு மணி நேர வேலை பற்றியது. எண்ணெய் பட்டு இரண்டாம் பக்கம் கண்ணாடியாகி, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிந்தது. அதையும் சேர்த்து வாசித்தார். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடமும் கல்லூரியும் எல்லாம் துண்டுப் பிரசுரம்தான். சென்னையிலிருந்து வந்து மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, ரயிலைப் பிடித்துப் போன சம்மேளனத் தலைவர்கள் எத்தனை பேர்! ஒருத்தருக்காவது இந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்று தெரியுமா? பதினேழு. சரி, அது கிடக்கட்டும், இன்றைக்கு எதற்கு அது. இன்றைக்கு இருநூற்றுப் பதினாலு பேர். பெரிய பிரஸ்ஸின் தொழிலாளர் இருநூற்றுப் பதினாலு பேரில் பாதிக்கு மேல், அதாவது நூற்றெட்டுப் பேர், காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் சங்கத்தின் வலைத்தளத்தில் தங்கள் பெயரையும் வேலை எண்ணையும் பதிந்து 'இந்தச் சங்கம் என் சங்கம்' என்று அழுத்திவிட்டால், நிர்வாகம் சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். நாற்பது வருடம் கதவுக்கு வெளியே நின்று பேசியாயிற்று. இனி உள்ளே, மேசைக்கு எதிரே. எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தம். நடுவராக ஓய்வு பெற்ற வக்கீல் செண்பகவல்லியம்மா, அதோ ஜன்னலோரம், மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி. நிர்வாகத்தின் சார்பில் சாட்சியாகத் தொழிலாளர் நல அலுவலர் தினகர், சட்டையை உள்ளே விட்ட முப்பது வயசுக்காரன், கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். நூற்றெட்டு வந்தால் ஜெயம். நூற்றேழு என்றால் இன்னும் ஐந்து வருடம் வாயைத் திறக்கக் கூடாது என்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்னும் ஐந்து வருடம் என்றால் எழுபத்தாறு. அந்தக் கணக்கை அவர் போடப் போனார், பாதியில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, வாங்க, உக்காருங்க. இன்னைக்கு மட்டும் மூவாயிரத்து நானூறு அடி வாங்கியிருக்கு நம்ம கதவு" என்றாள் முத்துக்கனி, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். பைண்டிங் பிரிவில் பதினோரு வருடம் தாள் மடித்தவள், வேலையை விட்ட பின் கணினி படித்து இப்போது ஊரில் பாதி பேருக்கு வலைத்தளம் கட்டிக் கொடுப்பவள். விரல் இன்னும் தாள் மடிக்கிற விரல்தான், பட்டனை நகத்தால் நீவித்தான் அழுத்துவாள். "மூவாயிரமா! எந்தெந்த ஊர்லேருந்து, தாயி?" "எல்லா ஊர்லேருந்தும். எல்லா நாட்டுலேருந்தும். ஆளு இல்ல, மெஷினு. தெருத்தெருவா போய் எந்தக் கதவு திறந்திருக்குன்னு தள்ளிப் பார்க்கும்." தவசிலிங்கத்தின் முகம் கொஞ்சம் விழுந்தது. "அப்போ நமக்குன்னு யாரும் வரலையா?" முத்துக்கனி சிரித்துவிட்டாள். "போன வியாழக்கிழமை வந்தாங்களே, சொன்னேன்ல. பெரிய பிரஸ்ஸோட வைஃபை விலாசத்திலேருந்தே எழுபது தடவை. பேர் எழுதுற கட்டத்துல பேரை எழுதாம, 'பட்டியலை அழி'ன்னு கட்டளையை எழுதி அனுப்பியிருக்கான். பத்தொம்பதுல செஞ்ச அதே வேலை. அப்போ நம்ம தளம் பச்சைப் பிள்ளை, சொன்னதைச் செஞ்சிருச்சு. இப்போ முன்னாடி காவல்காரன் மாதிரி ஃபயர்வால் நிக்குது, உள்ளயே விடலை." தினகர் டீயைக் கீழே வைத்தான். மறுபடி கேட்டும் தவசிலிங்கத்துக்கு மனது குளிர்ந்தது. எழுபது தடவை! அவ்வளவு மதிப்பு இன்னும் இருக்கிறது.

அந்த ஃபயர்வாலோடு அவருக்கு முதலில் சண்டைதான். போன மாதச் செயற்குழுவில் முத்துக்கனி அதைப் பற்றிச் சொல்லும்போது, "மேனேஜ்டு ரூல்ஸ்னு பேரு அண்ணாச்சி, விதிகளை நாம எழுத வேண்டியதில்லை, ஒரு கம்பெனிக்காரன் எழுதி, பராமரிச்சு, அவனே அனுப்பிக்கிட்டே இருப்பான்" என்றாள். அவர் எழுந்தே நின்றுவிட்டார். எவனோ எழுதுன சட்டத்தை நாம எதுக்குத் தலையில ஏத்தணும்? மேனேஜர் என்ற வார்த்தையே ஆகாது, அதில் மேனேஜ்டு வேறா? அவள் கோபப்படவில்லை. "உலகம் பூரா எந்த வீட்டுல திருடன் எப்படிப் பூட்டை உடைக்கிறான்னு அவன் பார்த்துக்கிட்டே இருக்கான். நேத்து எங்கயோ ஒருத்தன் அடி வாங்கினா, இன்னைக்கு அந்தப் பாடம் விதியா நம்ம கதவுக்கும் வந்துரும். நமக்கு அடி விழுந்த பிறகு கத்துக்க வேண்டாம்." அன்று ராத்திரி படுக்கையில் அது அவர் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நேத்து எங்கயோ ஒருத்தன் வாங்கின அடி, இன்னைக்கு நமக்குப் பாடம். அட, இது துண்டுப் பிரசுரமல்லவா! எட்டு மணி நேர வேலைக்கு எந்த ஊரில் எவன் மண்டை உடைந்ததோ, அவன் பேர்கூடத் தெரியாது, அவன் வாங்கிய அடியை எவனோ எட்டுப் பக்கத்தில் எழுதி அச்சடித்து அனுப்ப, அது கடலையைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு ட்ரெடில்காரன் கையில் விழுந்து அவனை நிமிர்ந்து நிற்க வைத்தது. அதையும் அவரா எழுதினார்? மறுநாளே முத்துக்கனிக்குப் போன் போட்டார். "தாயி, அந்த விதி எல்லாத்தையும் வாங்கிப் போடு. ஒண்ணு விடாம." பின்னால் தன் கையெழுத்திலேயே ஒரு தீர்மானமும் போட்டார்: பெரிய பிரஸ்ஸின் விலாசத்திலிருந்து எது வந்தாலும், என்னவென்று பார்க்காமலே தடுக்க வேண்டும், தலைவர் சொல்லாமல் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. வியாழக்கிழமை எழுபது அடிக்குப் பிறகு எழுதியது அது. முத்துக்கனி அப்போது என்னமோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் முடித்துக் குளித்துச் சாப்பிட்ட ஆண்களும் பெண்களுமாக அறுபத்து நான்கு பேர் மாடி நிறைய வந்து நின்றார்கள். காலையிலேயே வீட்டிலிருந்து போனில் பதிந்தவர்கள் நாற்பத்து மூன்று. மிச்சப் பேரிடம் வீட்டிலேயே பதியுங்கள் என்று முத்துக்கனி சொல்லியும் கேட்கவில்லை, சங்கத்தில் வந்துதான் போடுவோம், சேர்ந்துதான் போடுவோம் என்றுவிட்டார்கள். வட்டக் கையெழுத்துச் சங்கம் அல்லவா! எண்பத்து மூன்றிலிருந்து அதுதான் வழக்கம். பெயர்களை வரிசையாக எழுதினால் முதல் பெயர்க்காரனைத்தான் முதலில் பிடிப்பார்கள். அதனால் தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கையெழுத்து. யார் தொடங்கியது என்று எவனாலும் சொல்ல முடியாது. யார் முடித்தது என்று மட்டும் சொல்வார்கள். கடைசி இடைவெளியில் கையெழுத்துப் போட்டு வட்டத்தை மூடியவர் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிப்பார்கள். அது மரியாதை. இன்றைய ஒப்பந்தத்திலும் அது உண்டு: பட்டியல் ரகசியம், நூற்றெட்டாவது பெயர் மட்டும் நான்கு மணிக்குப் பிறகு வாசிக்கப்படும். மெஷின்மேன் காளிராஜ், எல்லோருக்கும் முன்னால் நாற்காலி மேல் ஏறி நின்று, "எல்லாரும் போனை எடுங்கப்பா! பேர் அடிச்சாச்சா? சங்கத்து வைஃபையில இருக்கீங்களா? நான் மூணு சொல்றதுக்குள்ள எவனாவது அழுத்தினா அவன் கருங்காலி! ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றான். அறுபத்து நான்கு கட்டைவிரல்கள் ஒரே நேரத்தில் இறங்கின. அந்தச் சத்தம், சத்தமே இல்லாத அந்தச் சத்தம், தவசிலிங்கத்தின் முதுகுத் தண்டில் போனது. அடுத்த நொடி அறுபத்து நான்கு போனிலும் ஒரே வரி: உங்கள் கோரிக்கை தடுக்கப்பட்டது.

போன்களை ஒருவருக்கொருவர் திருப்பிக் காட்டினார்கள். கீழே கொத்துச் சத்தம் மட்டும். தவசிலிங்கம் விரலை மடக்கினார். ஆறாவது. இதோ ஆறாவது. வெள்ளிக்கிழமை, மூன்று மணி ஆறு நிமிடம். முத்துக்கனி திரையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், தோள் குலுங்கியது, பிள்ளை அழுகிறாளோ என்று அவர் பதறி எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாள். "அண்ணாச்சி... ஒரே விலாசத்திலேருந்து ஒரே நொடியில அறுபத்து நாலு பேர் வந்தா அது தாக்குதல்னு விதி. இது கூட்டமா வந்து அடிக்குதுன்னு நினைச்சுப் பிடிச்சிருச்சு." "நம்மளையா?" "நம்மளைத்தான்." காளிராஜ் நாற்காலி மேலேயே உட்கார்ந்துவிட்டான். "நாப்பது வருசமா மேனேஜர் சொன்னதைத்தான் இதுவும் சொல்லுது அண்ணாச்சி. தனித்தனியா வா, பேசலாம். சேர்ந்து வந்தா மிரட்டல்!" கூரை தூக்கிப் போகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. செண்பகவல்லியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தினகர்கூடத் தரையைப் பார்த்துச் சிரித்தான். தவசிலிங்கமும் சிரித்தார், முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அறுபத்து நான்கு பேர் ஒன்றாக விரலைத் தூக்கினால் உலகத்தின் எந்த மூலையில் எழுதிய விதியும் திடுக்கிடுகிறது! இதைவிட ஒரு நற்சான்றிதழ் எந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது? "விதியைத் தூக்கி எறிஞ்சுருவோமா?" என்றார். "எறிய வேண்டாம். தடுக்காதே, எண்ண மட்டும் செய்னு மாத்தலாம். நம்ம மாடி விலாசத்துக்கு மட்டும். அது நின்னு பார்த்து எண்ணிக்கிட்டு இருக்கும், கையை வைக்காது. மத்த விதி எல்லாம் அப்படியே இருக்கும்." தடுக்காதே, எண்ண மட்டும் செய். இப்படி ஒரு வாட்ச்மேன் எழுபத்தொன்பதில் இருந்திருந்தால்! பிறகு காளிராஜ் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லாமல் விரலை மட்டும் காட்ட, ஒவ்வொருவராக அழுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் திரையில் எண் ஏறியது. நாற்பத்து நான்கு. அறுபது. எண்பத்தொன்பது. நூறு வந்தபோது யாரோ கீழே போய் அல்வா வாங்கி வந்துவிட்டார்கள். நூற்றேழில் நின்றது.

நின்றது நின்றதுதான். மூன்று மணி முப்பத்தொரு நிமிடம். வர வேண்டியவர்கள் எல்லாம் வந்தாயிற்று. மிச்சப் பேர் பிரஸ்ஸுக்குள் இருக்கிறார்கள், இரண்டாம் ஷிப்டும் ஜெனரல் ஷிப்டும், மெஷின் ஹாலில் போன் எடுக்காது, கேன்டீனில் பிரஸ்ஸின் வைஃபை மட்டும்தான். அதிலிருந்து பதியாதீர்கள் என்று உறுப்பினர் அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று. அல்வா தவசிலிங்கத்தின் உள்ளங்கையில் நெய் கசிந்தது. நூற்றேழு. சரியாகப் பாதி. பாதி என்பது எவ்வளவு கேவலமான எண். "அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி, குரலைத் தாழ்த்தி, "காலையிலேருந்து ஒண்ணைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். பெரிய பிரஸ் விலாசத்திலேருந்து ஒரு போன். தட்டுது, நம்ம தீர்மானம் தடுக்குது. திரும்பத் தட்டுது. பதிமூணு தடவை. இதோ, பதினாலு." அவர் நாற்காலியை இழுத்தார். "யாரு?" "அது தெரியாது. பேரு உள்ள வந்தாத்தானே தெரியும். வாசல்லயே நிறுத்திட்டோமே. ஆனா தட்டுறது பெயர் பதியுற பக்கத்தைத்தான்." "எழுபது தடவை அடிச்சவனும் அந்தப் பக்கத்தைத்தானே தட்டினான்?" "ஆமா." "அப்போ அவன்தான்." அவன்தான் என்ற சொல் வாயை விட்டுப் போனதும் கையிலிருந்த அல்வாவை மேசையில் வைத்தார். அந்தப் பிரஸ்ஸுக்குள் கணினி தெரிந்தவர் எத்தனை பேர்? கணினியில் அச்சுத் தகடு எடுக்கிற பிளேட் அறையில் நான்கு பேர். அந்த நான்கு பேருக்குப் பொறுப்பு யார்? மணி. அவருடைய மகன் மணி. பத்தொன்பதில் பட்டியல் துடைக்கப்பட்ட அடுத்த வாரம்தான் மணிக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது. அடுத்த வாரம். இதை அவர் ஐந்தாவது குற்றத்தோடு சேர்த்து ஒருநாளும் சொன்னதில்லை; சொல்லாமலேயே ஐந்தாவதுக்கும் கீழே ஒரு கல்லாக அது கிடந்தது. கேட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கலிலிருந்து அரைக்கிலோ கறியோடு வருவான், அம்மாவிடம் கொடுப்பான், "ஃபேன் சத்தம் போடுது, எண்ணெய் விடணும்" என்பான், ஏறி எண்ணெய் விடுவான், போவான். ஒரே ஒருமுறைதான் மனம் விட்டுப் பேசியது, அதுவும் சண்டையாக. "வேலை போன கோவத்துல பிள்ளைக்குப் பேர் வச்சீங்க. நோட்டீசை ஒட்டுற மாதிரி என் நெத்தியில ஒட்டிட்டீங்க. பள்ளிக்கூடத்துல புரட்சி, புரட்சின்னு கல்லெறிஞ்சாங்க. நான் மணி. வெறும் மணி. அந்த முழுப் பேரை எந்தப் பட்டியல்லயும் என் கையால எழுத மாட்டேன். உங்க பட்டியல்ல எழுதவே மாட்டேன்." அன்றைக்கு வாசல் வெயில் வெள்ளையாக இருந்தது. அவன் வண்டியை உதைத்துக் கிளப்பும்போது செருப்பு நழுவியது, குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். சின்ன வயதில் அந்தக் குதிகாலில் அவர் முள் எடுத்திருக்கிறார். முள் எடுத்த குதிகால் எட்டிப் போகும்போது அதை ஒரு தகப்பனுக்கு எந்த விதி தடுத்துக் கொடுக்கும்?

"எத்தனை மணிக்குத் தட்டினான்?" என்றார், வேறு எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக. முத்துக்கனி படித்தாள். "பத்து முப்பத்து ரெண்டு, முப்பத்து நாலு, முப்பத்தெட்டு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஒண்ணு அஞ்சுலேருந்து ஒண்ணு இருபத்தாறு வரைக்கும் ஏழு தடவை. திரும்ப ஒண்ணும் இல்ல. இப்போ மூணு முப்பத்தொண்ணு, ரெண்டு, மூணு, நாலு." தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பத்து முப்பதுக்கு மணியடிக்கும். பத்து நிமிடம் டீ. ஒரு மணிக்குச் சாப்பாடு, அரை மணி நேரம், கை கழுவ வரிசை நிற்கும், அதனால்தான் ஒன்று ஐந்து. மூன்று முப்பதுக்குச் சாயங்கால டீ. மூன்று நாற்பதுக்கு மணி அடித்தால் போனை உள்ளே வைத்துவிட வேண்டும். ஜெனரல் ஷிப்ட். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவரே கேட்டு, சண்டை போட்டு, வாங்கிக் கொடுத்த அந்தப் பத்து நிமிடம்! அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளும் சாப்பாட்டு வேளைக்குள்ளும்தான் இந்தத் தட்டல் அத்தனையும். "தாயி" என்றார், கண்ணைத் திறக்காமல், "உன் மூவாயிரத்து நானூறு மெஷின் அடிச்சுதே, அது டீ குடிக்கப் போகுமா?" "போகாது. விடாம அடிக்கும்." "போன வியாழக்கிழமை எழுபது?" "ஒரே நிமிசத்துல எழுபதும்." "இது மணியடிச்சா வருது. மணியடிச்சா நிக்குது. இது கூலிக்காரன் கைடி." அவர் குரல் தானாகவே உயர்ந்துவிட்டது, எல்லோரும் திரும்பினார்கள். "அப்போ திறக்கவா? தீர்மானம் உங்க கையெழுத்து. நீங்க சொல்லணும்." திறந்தால் எழுபது அடிக்காரனும் அதே வாசல் வழியே வரலாமே. வந்தால்? நூற்றேழும் போகும். கைக்கடிகாரம் வரும். "விலாசத்தைத் திறந்தாலும் மத்த விதி எல்லாம் நிக்கும் அண்ணாச்சி. அன்னைக்கே இதைத்தான் சொல்ல வந்தேன். அது யார் வீட்டுலேருந்து வர்றான்னு பார்க்காது. கையில என்ன கொண்டு வர்றான்னு பார்க்கும். பேரைக் கொண்டு வந்தா விடும். கட்டளையைக் கொண்டு வந்தா விடாது." யார் வீட்டிலிருந்து வருகிறான் என்று பார்க்காது. அதைத்தானே அவர் படித்த அத்தனை பிரசுரமும் சொன்னது? பார்த்தது யார்? தினகர் மெல்லத் தொண்டையைச் செருமினான். "சார், அப்போ எங்க ஆள் ஒருத்தரைக் காலையிலேருந்து தடுத்தது நீங்கதானே?" காளிராஜ், "ஏ தம்பி!" என்று எழுந்தான். தவசிலிங்கம் கையமர்த்தினார். சுர்ரென்று ஏறிய கோபம் ஏறின வேகத்திலேயே இறங்கியது. வரிசை என்றால் வரிசை. ஆறாவது, இந்த வெள்ளிக்கிழமை, தொழிலாளி ஒருவன் சங்கத்தின் கதவைப் பதினான்கு முறை தட்டினான். சங்கத் தலைவர் தவசிலிங்கம் தன் கையெழுத்தாலேயே அதைப் பூட்டி வைத்திருந்தார். எழுதிக்கொள்ளட்டும். குற்றப்பத்திரிகையில் தன் பெயர் வந்தால் இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. யாரோ மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. "தம்பி சொல்றது நிசம்தான்" என்றார். "திற தாயி. மணி மூணு முப்பத்தேழு. சீக்கிரம் திற."

அவள் நகத்தால் நீவி அழுத்தினாள். மூன்று முப்பத்தெட்டு. ஒன்றும் வரவில்லை. பதினான்கு தடவை தட்டியவன் பதினைந்தாவது தடவை தட்டுவானா? தட்டி என்ன பிரயோசனம் என்று டீத் தம்ளரைக் கழுவப் போயிருப்பான். கீழே கொத்து நின்றுவிட்டது. சோலையப்பன் சாட்சிக்கு மேலே வந்து, மாவுக் கையோடு கதவருகே நின்றார். தட்டு, தட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை. அவர் எத்தனை தடவை தட்டியிருக்கிறார், அந்த வாசலில், மழையில், மேனேஜர் வீட்டு வாசலில், கலெக்டர் ஆபீஸில், கேட்க வேண்டியவன் கேட்காமல் போனதற்காக அவர் நிறுத்தினாரா? அவர் இரத்தம் நிறுத்தாது. என்ன நினைத்தோம் இப்போது? அவர் இரத்தம் என்றா நினைத்தோம்? மூன்று முப்பத்தொன்பது. திரை ஒருமுறை சிமிட்டியது. நூற்றெட்டு. நூற்றொன்பது. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று. "நாலும் அந்த விலாசம்தான்! மூணு பேரைப் பக்கத்துல கூட்டி வச்சுக்கிட்டுத் தட்டியிருக்கான்!" என்று முத்துக்கனி கத்தினாள். அதற்கப்புறம் யார் யாரைக் கட்டிப் பிடித்தார்கள், அல்வா யார் சட்டையில் ஒட்டியது, காளிராஜ் விழுந்த நாற்காலியின் கால் எப்போது உடைந்தது என்று தவசிலிங்கத்துக்குத் தெரியாது. சோலையப்பனின் மாவுக் கை அவர் முதுகில் வெள்ளையாகப் பதிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். தூரத்தில் பெரிய பிரஸ்ஸின் மணி அடித்தது கேட்டது, மூன்று நாற்பது, டீ முடிந்தது, இப்போது ஒருவன் போனை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பி நடப்பான். உள்ளே போய்விட்டதா, எண்ணப்பட்டதா என்று அவனுக்கு உறுதியாகத் தெரியுமா? ஐந்தரை வரைக்கும் நெஞ்சில் அதை வைத்துக்கொண்டே வேலை பார்ப்பானா?

நான்கு மணிக்குச் செண்பகவல்லியம்மா தன் சாவி எண்ணைப் போட்டுப் பட்டியலைத் திறந்தார். பிரஸ்ஸின் வருகைப் பதிவேட்டோடு எண் எண்ணாக ஒத்துப் பார்க்க இருபது நிமிடம் ஆனது. தினகர் பட்டியல் கண்ணில் படாமல் எதிரே நின்று, அவர் போட்ட ஒவ்வொரு டிக்குக்கும் தலையாட்டினான். இப்போது டீயையும் குடித்துவிட்டான், ஆறியதையே. ஒரு பெயரும் தொலையவில்லை. ஒரு பெயரும் கூடுதலில்லை. நூற்றுப் பதினொன்று. "சாட்சிகள் முன்னால வாங்க" என்றார் அம்மா. "ஒப்பந்தப்படி, வட்டத்தை முடிச்சவர் பெயரை வாசிக்கணும்." தினகர், சோலையப்பன், காளிராஜ், முத்துக்கனி முன்னால் வந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள், அது வழக்கம். தவசிலிங்கமும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், முழங்கால் இப்போது வலிக்கிறதா என்று தேடிப் பார்த்தார், தெரியவில்லை. யாராக இருந்தால் என்ன, என்று நினைத்தார். உண்மையாகவே அப்படி நினைத்தார். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அவன் வீட்டுக்கு இன்றைக்கே போக வேண்டும், பதினான்கு தடவைக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும், நூற்றெட்டாவதுக்குக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசையின் மேல், அல்வா இலையின் மேல், விழுந்து கிடந்தது. செண்பகவல்லியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாயைத் திறந்தார், திறந்தவர் ஒருகணம் நிறுத்தி, தவசிலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கீழே தெருவுக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்:

"வேலை எண் நூற்று எழுபத்திரண்டு. பிளேட் பிரிவு. தவசிலிங்கம் மகன் புரட்சிமணி."